பழைய ஸ்பீக்கரில் வூஃபர் ஓரம் உதிர்கிறது: ஒட்டுவதா, மாற்றுவதா?

11 மார்ச் 2023: திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அப்பா 1986-இல் வாங்கிய ஸ்பீக்கர் ஜோடி வீட்டில் இருக்கிறது. பாஸுக்குப் பத்து அங்குல வூஃபர், கீச்சொலிக்குச் சின்ன ட்வீட்டர், தேக்கு வெனீர் ஒட்டிய, ஓட்டையே இல்லாத மூடின பெட்டி. நாலு வருடமாகத் தொடவில்லை. போன வாரம் போட்டால் பாஸ் வருகிற இடத்தில் படபடவென்று அடிக்கிறது. முன்துணியைக் கழற்றினேன். வூஃபரைச் சுற்றியிருந்த கறுப்பு வளையம் தூளாகக் கொட்டுகிறது. மதுரையில் ஒரு கடையில் காட்டியதில், "வூஃபர் போச்சு, புது பத்து இஞ்ச் ஜோடி 2,800, இன்னைக்கே மாட்டித் தர்றோம்" என்றார்கள். மாற்றிவிடலாமா?

12 மார்ச் 2023

மாற்றாதீர்கள் தம்பி. மாற்றியே தீருவேன் என்றாலும் பழையதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

உதிர்ந்திருப்பது ஓரம் மட்டும்தான். அசைந்து சத்தம் எழுப்புகிற பேப்பர் கோனையும் இரும்பு ஃப்ரேமையும் சேர்த்துப் பிடிக்கிற அந்த வளையத்தை அப்போது பாலியூரித்தேன் ஃபோமில் செய்தார்கள். லேசாக இருக்கும், நன்றாக வளைந்து கொடுக்கும், விலையும் குறைவு. ஆனால் காற்றில் இருக்கிற ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். சூடும் வெளிச்சமும் சேர்ந்தால் இன்னும் வேகம். பதினைந்திலிருந்து இருபத்தைந்து வருடம் தாங்கினால் பெரிது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இதேதான். பிரிக்காத அட்டைப்பெட்டியில் இருந்த வூஃபரையே தூளாகப் பார்த்திருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம். உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் அதே ஃபோமைத்தான் போட்டன. பியூட்டைல் ரப்பர் ஓரம் போட்டவை இன்றும் நன்றாக இருக்கின்றன.

மிச்சமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். வயரைக் கழற்றிவிட்டு வூஃபரின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 8 ஓம் வூஃபர் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓம் என்றால் மூன்றரைக்குப் பக்கத்தில். எண்ணே வராவிட்டால் காயில், அதாவது கோனை அசைக்கிற கம்பிச்சுருள், அறுந்துவிட்டது. அப்புறம், விரல்களைக் கோனின் நடுக்குமிழைச் சுற்றிப் பரப்பி வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். மணலில் காகிதம் தேய்கிற சத்தம் கேட்டால் காயில் காந்த இடுக்கில் உரசுகிறது என்று அர்த்தம். அப்படி உரசினால் வூஃபர் போனது போலத்தான்.

12 மார்ச், இரவு

மேலே கடைசி வரி தப்பு, அவசரத்தில் எழுதிவிட்டேன். ஓரம் கிழிந்த வூஃபர் கொஞ்சம் உரசத்தான் செய்யும், ஏனென்றால் கோனை நடுவில் பிடிக்க ஆள் இல்லை. பின்னால் இருக்கிற ஸ்பைடர், அதாவது மடிப்பு மடிப்பான மஞ்சள் துணி, ஒற்றையாளாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கோனை லேசாக ஒரு பக்கம் தள்ளி வைத்து மறுபடி அழுத்துங்கள். எந்த நிலையிலாவது உரசாமல் இறங்கினால் காயில் நலம். எப்படிப் பிடித்தாலும் உரசுகிறதா? அப்போது கவலைப்படலாம்.

ஒருவேளை அதற்குள் கடைக்குக் கிளம்பியிருந்தால் திரும்பி வாருங்கள்.

14 மார்ச் 2023

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானே செய்த காரியம் என்பதால்தான்.

2009-இல் என் ஜோடிக்கும் இதே கதி. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் பத்து அங்குலம் என்று கேட்டேன், பத்து அங்குலம் கொடுத்தார்கள். மைக் செட் காரர்கள் பெட்டியில் போடுகிற வகை. துணி ஓரம், கெட்டியான கோன், பின்னால் இட்லிப்பானை மூடி அளவுக்குக் காந்தம். கையில் தூக்கினால் கனமோ கனம். கனமாக இருந்தால் தரம் என்று நினைக்கிற ஊர்க்காரன் நான். திருகு ஓட்டைகள்கூட அப்படியே பொருந்தின. வீட்டுக்கு வந்து மாட்டிப் பாட்டுப் போட்டேன்.

சத்தம் இருந்தது. அடேயப்பா, அதற்கு முன் கேட்காத சத்தம். பாடுகிறவர் எதிரே நின்று அதட்டுவது மாதிரி இருந்தது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்க ஓசை, காணாமல் போயிருந்தது. வலந்தலை டணார் டணார் என்று விழுகிறது; இடது கை மணிக்கட்டை வைத்து இழுக்கிற கும்கி மட்டும் எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ தலையணையைத் தட்டுவது போலக் கேட்கிறது. பாஸ் குமிழை முழுக்கத் திருப்பினேன். அதே தலையணை, கொஞ்சம் பக்கத்தில்.

வூஃபர் மீது சந்தேகமே வரவில்லை. புதுசு அல்லவா! ஆம்ப்ளிஃபயர்தான் கிழடாகிவிட்டது என்று முடிவுகட்டி, அதில் இருந்த கெப்பாசிட்டரையெல்லாம் மாற்றினேன். இரண்டு வாரம், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், வலது கை கட்டைவிரலில் சால்டரிங் ராடு சுட்ட தழும்பு. சத்தம் இம்மியும் மாறவில்லை.

காரணமே தெரியாமல் நான்கு வருடம் அப்படியே கேட்டிருக்கிறேன். அதைவிட மோசம், நல்லாத்தான் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

15 மார்ச் 2023

நேற்று புலம்பியதோடு விட்டுவிட்டேன். காரணத்தையும் சொல்கிறேன்.

மூடின பெட்டியில் இருக்கிற வூஃபர் தனியாக வேலை செய்வதில்லை. உள்ளே அடைபட்ட காற்றுதான் அதற்கு ஸ்பிரிங். 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியின் ஏ.ஆர்-1 ஸ்பீக்கரில் செய்தது இதைத்தான். அதுவரை நல்ல பாஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். அவர் வூஃபரின் பிடிமானத்தை, அதாவது ஓரமும் ஸ்பைடரும் இழுத்துப் பிடிப்பதை, வேண்டுமென்றே தளர்த்திவிட்டு, இழுத்துப் பிடிக்கிற வேலையைக் காற்றிடம் கொடுத்தார். புத்தக அலமாரியில் அடங்குகிற பெட்டி அடிவயிற்றிலிருந்து பாடியது. திருமங்கலம் தம்பியின் பெட்டியும் என் பெட்டியும் அந்த வம்சம்.

மைக் செட் வூஃபருக்குப் பிடிமானம் ஏற்கெனவே விறைப்பு. திறந்த வெளியில் நூறு பேருக்குக் கேட்க வேண்டும், கோன் அதிக தூரம் ஆடக்கூடாது, அதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதைச் சின்னப் பெட்டிக்குள் அடைத்தால் விறைப்பின் மேல் விறைப்பு.

கணக்காகவே பார்க்கலாம். ஒவ்வொரு வூஃபருக்கும் வெளியில் வைத்துத் தட்டினால் தானாக அதிர்கிற ஒரு எண் உண்டு, எஃப்எஸ் என்பார்கள். அதன் பிடிமானம் எத்தனை லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம் என்று இன்னொரு எண், வாஸ். வாஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, எஃப்எஸ்ஸால் பெருக்கினால் பெட்டிக்குள் அது எங்கே அதிரும் என்பது வந்துவிடும். 30 லிட்டர் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்எஸ் 25, வாஸ் 120 உள்ள பழைய வகை வூஃபருக்கு 56 ஹெர்ட்ஸ் வரும். எஃப்எஸ் 55, வாஸ் 60 உள்ள மைக் செட் வகைக்கு 95. அதற்குக் கீழே சத்தம் சரசரவென்று சரிந்துவிடும். தொப்பியின் கும்கி எங்கே போனது என்று இப்போது தெரிகிறதா? எனக்கு 2013-இல்தான் தெரிந்தது.

இந்த எண்களையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர்கள் ஆஸ்திரேலியாவில் வேலை செய்த இரண்டு பேர். நெவில் தீல் 1961-இல் ஆரம்பித்தார், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரித்தெழுதினார். நல்ல வூஃபரோடு வருகிற தாளில் தீல்-ஸ்மால் அளவுகள் என்று போட்டிருக்கும். அந்தத் தாளே இல்லாமல் "பத்து இஞ்ச், 300 வாட்ஸ்" என்று மட்டும் சொல்லி விற்கிற எதையும் வீட்டுப் பெட்டிக்கு வாங்காதீர்கள். செருப்பை நீளம் மட்டும் பார்த்து வாங்குகிற கதையாகிவிடும்.

15 மார்ச், மாலை

கார் வூஃபர் போடலாமா என்று கேட்டவருக்கு: பெரும்பாலும் 4 ஓம். உங்கள் ஆம்ப்ளிஃபயர் பின்னால் 8 ஓம் என்று போட்டிருந்தால் இரட்டை மடங்கு கரண்டு இழுக்கும், சூடேறும், ஒரு நாள் வாசனை வரும். அதற்கு மேல், கார் சப்வூஃபருக்குக் கோன் கனம், சத்தம் மந்தம். ட்வீட்டர் தனியாகக் கத்திக்கொண்டிருக்கும்.

19 மார்ச் 2023, ஞாயிறு

திலகர் திடல் சந்தைக்குப் போனேன். போகக்கூடாது என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பதுதான்.

மிக்ஸி மோட்டார், சைக்கிள் செயின், ஒற்றை ஷூ, இவற்றுக்கு நடுவே ஒரு பத்து அங்குல வூஃபர் குப்புறக் கிடந்தது. திருப்பினால் ரப்பர் ஓரம், ஒரு கீறல்கூட இல்லை. கடைக்காரர் 500 சொன்னார், 350-க்கு முடிந்தது. மல்டிமீட்டர் வீட்டில். ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு நான் அதைக் கொண்டுபோகவில்லை. வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் எண்ணே இல்லை, காயில் அறுந்தது.

"காந்தமாவது இருக்கே" என்றாள் வீட்டில். ஃபிரிட்ஜில் ஒட்ட முடியாத எடை, இரண்டு கிலோவுக்குக் குறையாது.

2 ஏப்ரல் 2023

தம்பி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். ஒன்று 6.1, ஒன்று 6.2, இரண்டும் உரசவில்லை. ஒட்டுகிற முறையைக் கேட்கிறார். என் அண்டை வீட்டுக்காரரின் எட்டு அங்குல ஜோடியைப் போன வாரம்தான் முடித்தேன், கை இன்னும் பசை பசையாகத்தான் இருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

வளையத்தை வாங்குவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். "பத்து இஞ்ச் ஃபோம்" என்று ஆர்டர் போடாதீர்கள். ஃப்ரேமில் ஒட்டுகிற விளிம்பின் வெளி விட்டம், அந்த விளிம்பின் உள் விட்டம், கோனின் விட்டம், நடுவில் புடைத்திருக்கிற பகுதியின் அகலம், இந்த நான்கையும் மில்லிமீட்டரில் அளந்து அனுப்புங்கள். அண்டை வீட்டாருக்கு முதலில் வந்த வளையம் கோன் பக்கம் 4 மில்லிமீட்டர் சின்னது. பரவாயில்லை என்று ஒட்டியிருந்தால் புடைப்பு நசுங்கி, கோன் ஏறி இறங்கும்போதெல்லாம் இழுத்திருக்கும். திருப்பி அனுப்பி வேறு வாங்கினோம். ஜோடி 900 ரூபாய், பத்து நாள் காத்திருப்பு. ஃபோம் கோனுக்கு மேலே ஒட்டியிருந்ததா அடியில் ஒட்டியிருந்ததா என்பதையும் பழையதைச் சுரண்டும் முன் பார்த்து எழுதி வையுங்கள்.

சுரண்டுகிற வேலைக்கு இரண்டு சாயங்காலம் ஒதுக்குங்கள். கோன் ஓரத்தில் பழைய ஃபோமும் பசையும் சேர்ந்து அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். தின்னரைப் பஞ்சில் தொட்டு ஒரு விரற்கடை நீளத்துக்கு ஊறவிட்டு, மழுங்கின கத்தியால் படுக்கவைத்துத் தள்ளினால் சுருண்டு வரும். அடுத்த விரற்கடை. கோனுக்கு அடியில் இடது கை விரலை முட்டுக் கொடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேப்பர் கிழியும். பாட்டுப் போட்டுக்கொண்டு செய்யலாம் என்றால் ஸ்பீக்கர்தான் பிரிந்து கிடக்கிறதே, ரேடியோதான் துணை.

ஒட்டுவதற்குப் பேப்பர் கோன் என்றால் வெள்ளை ஃபெவிகாலே போதும். வாயைப் பிளக்க வேண்டாம். காய்ந்தபின் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், ஒட்டுகிற நேரத்தில் பத்து நிமிடம் நகர்த்திச் சரிசெய்ய விடும், ஃபோமைக் கரைக்காது. முதலில் கோன் பக்கத்தை மட்டும் ஒட்டி, ஓர் இரவு காய விடுங்கள். மறுநாள்தான் ஃப்ரேம் பக்கம்.

அங்கேதான் உயிர்நாடி இருக்கிறது. காயில் காந்த இடுக்கின் நட்டநடுவில் நிற்க வேண்டும், இடைவெளி மயிரிழை. பழைய ஆட்கள் நடுக்குமிழை வெட்டியெடுத்து, காயிலுக்கு உள்ளே எக்ஸ்ரே ஃபிலிம் துண்டுகளைச் சுற்றிலும் செருகிவிட்டு ஒட்டுவார்கள். காய்ந்ததும் துண்டுகளை உருவிவிட்டுக் குமிழைத் திரும்ப ஒட்டுவார்கள். நான் குமிழைத் தொடுவதில்லை. ஃப்ரேமில் பசை தடவி வளையத்தைப் படியவைத்ததும், போனில் 30 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஆம்ப்ளிஃபயர் வழியாக மிக மெதுவாகக் கொடுக்கிறேன். கோன் நிதானமாக ஏறி இறங்கும். காதைப் பக்கத்தில் வைத்தால் உரசல் இருந்தால் கரகரவென்று கேட்கும். வளையத்தை ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் நகர்த்த நகர்த்த அது ஒரு இடத்தில் சட்டென்று நின்றுவிடும். வெறும் காற்றசைவு மட்டும் இருக்கும். அப்படியே கையை எடுத்துவிட்டு, துணி கிளிப்புகளைச் சுற்றிலும் மாட்டி, ஒரு நாள் மறந்துவிடுங்கள்.

அந்த நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

3 ஏப்ரல் 2023

தின்னர் என்று நேற்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே போதும். மெதுவாக வேலை செய்யும், ஆனால் துரோகம் செய்யாது. தின்னர் நிறைய ஊற்றினால் வழிந்து நடுவுக்குப் போய்க் காயிலைக் கோனோடு பிடித்திருக்கிற பசையையே இளக்கிவிடும். 2014-இல் ஒன்றை அப்படிக் கொன்றிருக்கிறேன். ஓரம் அருமையாக ஒட்டியது, முதல் பாட்டில் காயில் தனியே கழன்றுகொண்டது. கோன் பிளாஸ்டிக்காக இருந்தால் தின்னர் பக்கமே போகாதீர்கள். பாலிபுரோப்பிலீன் கோனில் ஃபெவிகாலும் பிடிக்காது. அதற்கென்று உள்ள ஸ்பீக்கர் பசை வேண்டும்.

8 ஏப்ரல் 2023

திரும்ப மாட்டும்போது இரண்டு சின்ன விஷயம்.

வூஃபரை முன்பு இருந்த நிலையிலிருந்து பாதிச் சுற்றுத் திருப்பி மாட்டுங்கள். முப்பது வருடமாக ஒரே திசையில் தொங்கி ஸ்பைடர் லேசாகக் கீழே சரிந்திருக்கும். தலைகீழாக்கினால் இனி அந்தப் பக்கம் சரியட்டும்.

வூஃபருக்கும் மரத்துக்கும் நடுவே கதவுக்கு ஒட்டுகிற ஃபோம் டேப்பை ஒரு சுற்றுப் போடுங்கள். மூடின பெட்டியில் காற்று ஒழுகினால் அந்தக் காற்று ஸ்பிரிங் வீண். மாட்டி முடித்ததும் கோனை அழுத்தி விடுங்கள். சோம்பலாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம். சட்டென்று துள்ளினால் எங்கோ ஒழுகுகிறது.

பெட்டிக்குள் கண்ணாடி இழைப் பஞ்சு இருந்தால் கையுறையும் மூக்குக்குத் துணியும். நான் பனியனோடு செய்துவிட்டு இரண்டு நாள் சொறிந்தேன்.

6 மே 2023

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் நசுங்கி, தண்ணீர்ப் பீய்ச்சலில் நனைந்து, கோரிப்பாளையம் பக்கம் ஒதுங்கி நின்றபோது ஒரு மைக் செட் பெரியவரைப் பார்த்தேன். கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு இங்கே நடக்கிற விஷயத்துக்கு வந்துவிட்டது. ஃபோம் வளையம், 900 ரூபாய், பத்து நாள் என்றெல்லாம் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"வேட்டியக் கிழிச்சு ரப்பர் பசையில நனைச்சு ஒட்டுனா சாகுற வரைக்கும் நிக்கும்யா. நாங்கள்லாம் அப்படித்தான் ஓட்டுனோம்."

அவர் சொல்வது பொய்யில்லை. துணி ஓரத்துக்கு ஃபோமின் வியாதி கிடையாது. ஜே.பி.எல். எல்-100, 1970-இல் வந்தது, அதன் வூஃபர் ஓரம் ஃபோம் இல்லை என்பதால்தான் இன்றைக்கும் முதல் ஓரத்தோடேயே பலரிடம் பாடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது அந்த ஓரத்துக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த வூஃபர். ஃபோமுக்காகச் செய்ததில் வேட்டியை ஒட்டினால் என்ன ஆகும்?

பெரியவரிடம் வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து செய்தே பார்க்கிறேன்.

14 மே 2023

பார்த்துவிட்டேன். 2014-இல் கொன்ற வூஃபரின் உயிருள்ள ஜோடி பரணில் கிடந்தது. அதற்குத் துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணியை வளையமாக வெட்டி, ரப்பர் பசை தடவி ஒட்டினேன். பார்க்க லட்சணமாகவே இருந்தது.

எஃப்எஸ் அளக்க 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக மாட்டி, போனில் டோனை 20 ஹெர்ட்ஸிலிருந்து ஏற்றிக்கொண்டே போய், வூஃபரின் முனையில் ஏசி வோல்ட் எங்கே உச்சம் தொடுகிறது என்று பார்த்தால் போதும். வேட்டி ஓரத்தோடு 47 ஹெர்ட்ஸ். அதை உரித்துவிட்டு ஃபோம் ஒட்டி அளந்தால் 29.

ஆக, பெரியவர் சொன்னது அவர் பெட்டிக்குச் சரி. என் பெட்டிக்கு, மைக் செட் வூஃபர் வாங்கி மாட்டிய அதே தப்பை வேட்டி வழியாகச் செய்வது. ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: கோவில் கொடை, கல்யாண வீடு என்று ஓட்டுகிற ஸ்பீக்கருக்கு யாராவது என்னிடம் ஃபோம் கேட்டு வந்தால் அவரை அந்தப் பெரியவரிடமே அனுப்புவேன்.

21 மே 2023

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2009-இல் கழற்றிய என் பழைய ஜோடி என்ன ஆனது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போனது, கிலோ கணக்கில். இன்னொன்றை, அப்போது புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்த ஒரு தையல்காரர் கேட்டார் என்று கொடுத்துவிட்டேன். கீழே சிதறுகிற குண்டூசியை எடுக்கக் காந்தம் வேண்டுமாம். கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபின் அவரும் அங்கேதான் இருக்கிறார். போய்ப் பார்த்தேன்.

மிஷினுக்குப் பக்கத்தில் பலகை மேல் இருந்தது. குப்புறப் படுத்தபடி, காந்தம் மேலே, அதன் மேல் முள்ளம்பன்றி மாதிரி நூற்றுக்கணக்கில் குண்டூசி. பதினாலு வருடம் அப்படியே இருந்திருக்கிறது. அவரைக் கேட்டு மெல்லத் திருப்பினேன். ஃபோம் இருந்த இடத்தில் பலகையில் ஒரு பழுப்பு வட்டம். கோன் முழுசாக இருந்தது. குமிழில் பொட்டுப் பள்ளம் இல்லை, அதனால் இடுக்குக்குள் ஊசித்தூள் போக வழியில்லை. இந்த முறை மல்டிமீட்டர் பையில் இருந்தது. 6.3 ஓம்.

"என்னண்ணே, திருப்பிக் கேக்குறீங்களா?" என்றார்.

சும்மா கேட்க வாய் வரவில்லை. "இதைவிடப் பெரிசு ஒண்ணு தர்றேன்" என்றேன். திலகர் திடலில் 350 ரூபாய் கொடுத்து ஏமாந்தேனே, அந்த அறுந்த காயில் வூஃபர். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஒரு கைப்பிடி ஊசியை மேலே தூவிப் பார்த்தார். பழையதைவிட நல்லா இழுக்குது என்று சந்தோஷம். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல வியாபாரம் அதுதான்.

22 மே 2023

இத்தனை வருடம் ஊசி இழுத்ததில் காந்தம் பலவீனமாகியிருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. அது ஃபெரைட், கறுப்பு வட்டக்கல். ஊசி பிடித்ததால் அதற்கு ஒன்றும் குறையாது. முந்தைய காலத்து ஆல்னிகோ காந்தமாக இருந்தாலும் ஊசிக்கெல்லாம் பயமில்லை. அதைக் கழற்றித் துண்டுதுண்டாகப் பிரித்தால்தான் வலு இறங்கிவிடும், திரும்பக் காந்தமேற்ற வேண்டிவரும். ஆல்னிகோவுக்குக் கோபால்ட் வேண்டும். 1978-இல் அப்போதைய ஜயர் நாட்டில், கோபால்ட் வெட்டியெடுக்கிற ஷாபா பகுதியில் சண்டை மூண்டு விலை எகிறியதும் ஸ்பீக்கர்காரர்கள் கூட்டமாக ஃபெரைட்டுக்குத் தாவினார்கள். 80-களில் வாங்கியவை பெரும்பாலும் ஃபெரைட்டாக இருப்பது அதனால்தான்.

11 ஜூன் 2023

தையல்காரரிடமிருந்து வந்த வூஃபருக்கு ஓரம் ஒட்டியாயிற்று. எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ்.

ஒரு பெட்டியில் அதை மாட்டினேன், இன்னொன்றில் 2009-இன் மைக் செட் வூஃபர் இருந்தபடியே இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் மோனோ போட்டு, பேலன்ஸ் குமிழை இப்படியும் அப்படியும் திருப்பி ஒரே தனி ஆவர்த்தனத்தை இரண்டிலும் கேட்டேன். முதலில் ஏமாற்றம்தான். பழையது சத்தம் குறைவு. காது பதினாலு வருடத்தில் அதட்டலுக்குப் பழகிவிட்டது போல. வால்யூமைச் சமன் செய்துவிட்டு மறுபடி கேட்டேன். கும்கி வந்தது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் தோல் சுருதி இறங்குவது கேட்டது. வீட்டுக்காரி பக்கத்து அறையிலிருந்து வந்து, "யாரு, ஆள் வந்திருக்காங்களா?" என்று எட்டிப் பார்த்தாள்.

ட்வீட்டர் மட்டும் இன்னும் மந்தம். பாஸை வூஃபருக்கும் கீச்சொலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரில் இருக்கிற இரண்டு முனையும் சமமான எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். அதே மைக்ரோஃபாரட் மதிப்பில் ஃபிலிம் வகை வாங்கி வைத்திருக்கிறேன். அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை.

2 ஜூலை 2023

மாற்றவே கூடாது என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. காயில் எரிந்து, அந்த மாடலுக்கு ரீகோன் செய்ய, அதாவது கோனையும் காயிலையும் புதிதாகப் போட, பொருளும் கிடைக்காவிட்டால் மாற்றத்தான் வேண்டும். கீழே விழுந்து காந்தம் நகர்ந்துவிட்டாலும் அப்படித்தான். அப்போதும் அங்குலத்தை ஓட்டைக்கு மட்டும் பாருங்கள், மற்றதற்குத் தாளில் உள்ள எண்களைப் பாருங்கள். மூடின பெட்டிக்கு க்யூடிஎஸ் என்கிற எண்ணும் முக்கியம், வூஃபரின் அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று சொல்வது அது. மேலே சொன்ன அதே வர்க்கமூலத்தால் அதைப் பெருக்கினால் 0.7-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒன்றைத் தாண்டினால் எல்லாப் பாட்டும் அண்டாவுக்குள்ளிருந்து வரும். மாற்றினால் இரண்டையும் ஒரே மாதிரி மாற்றுங்கள். ஒன்று மட்டும் என்றால் பாடகர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பார்.

கடைசியாகச் சொன்னதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

16 ஜூலை 2023

தம்பி வேலையை முடித்துவிட்டார். இடது பெட்டி அருமை, வலது மட்டும் சத்தம் ஏற்றினால் கரகர என்கிறது என்றும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் பாஸ் குறைகிறது என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் வேறு வேறு கோளாறு.

பாஸ் குறைவது வயர் மாறியதால். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை சிவப்பு முனையில் தொட்டால் இரண்டு வூஃபரும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று வெளியே வந்து ஒன்று உள்ளே போனால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பொதுவாக வெளியே வரும். பழைய ஜே.பி.எல். மட்டும் உள்ளே போகும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டும் ஒரே பக்கம் போகிறதா என்பதே கேள்வி.

கரகர என்பது காயில் உரசல். ஃபெவிகால் என்பதால் பிழைத்தீர்கள். ஃப்ரேம் பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர்ப் பஞ்சால் ஊறவைத்தால் அரை மணியில் இளகும். கோன் பக்கத்தைத் தொடாதீர்கள். இரண்டு நாள் காயவைத்துவிட்டு 30 ஹெர்ட்ஸ் டோனோடு மறுபடி உட்காருங்கள். போன தடவை எத்தனை நிமிடம் நகர்த்திப் பார்த்தீர்கள்? நான் முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆக்கினேன்.

30 ஜூலை 2023

வலதும் சரியாகிவிட்டதாம். அப்பாவைக் கூட்டிவந்து உட்காரவைத்துப் பாட்டுப் போட்டிருக்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். கேசட் முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போட்டாராம்.

என் நிலவரம்: மைக் செட் வூஃபரைக் கழற்றி, அந்தப் பெரியவருக்கே சும்மா கொடுத்துவிட்டேன். அந்தப் பெட்டியின் ஓட்டையைப் பிளைவுட் வட்டத்தால் மூடியிருக்கிறது, மேலே மணி பிளாண்ட் வைத்திருக்கிறாள். ஒற்றை ஸ்பீக்கரில், மோனோவில் கேட்கிறேன். 2009-இல் இரும்புக் கடைக்குப் போனதன் மாடல் நம்பர் காந்தத்தின் பின்னால் அச்சிட்டிருக்கும், என்னிடம் இருப்பதிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் மல்டிமீட்டரோடு திலகர் திடல்.

கெப்பாசிட்டரை இன்னும் மாற்றவில்லை.